ஒருமுறை சொன்னால் போதும்

மதிவதனி தன் அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போக விரும்புகிறாள் என்று அவளுடைய பதிலி சொன்னபோது, மதிவதனி என் பக்கத்தில்தான் இருந்தாள்.

சொன்ன குரல் நல்ல குரல். முப்பது வயதுப் பெண்ணின் குரல், திருச்சிப் பக்கத்துப் பேச்சு. இயல்பாக இருக்கட்டும் என்று நடுநடுவே கொஞ்சம் தயக்கம்கூட வைத்திருந்தார்கள். "அண்ணனும் அண்ணியும் என்னய நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. வேலைக்கு வந்த அம்மாதான் கதவப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் வீட்டுக்குப் போறேன்" என்றது மேசைமேல் இருந்த சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டி. நலவாரிய உறுப்பினர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

வாரியத்துக்குப் புதிதாக வந்திருந்த எலும்பு மருத்துவர் மட்டும் கேட்டார். "இது இந்தப் பொண்ணோட சொந்தக் குரலா?"

"அப்படிச் சொல்ல முடியாது டாக்டர்" என்றார் தலைவர் கோமளவல்லி. "அவங்களுக்குப் பொறந்ததுலேர்ந்து மூளை முடக்குவாதம். பேசுனா வெளியாளுக்குப் புரியாது. அதான் மூணு நாள் நிதானமா உக்கார வச்சு, நடந்தத ஒரே ஒரு தடவ சொல்ல வச்சோம். கையில கட்டியிருக்க பட்டை, துடிப்பு, வேர்வை எல்லாத்தையும் பாத்துக்கும். அதுலேர்ந்துதான் பதிலி தயாராகும். அப்புறம் போலீஸ் கேட்டாலும் சரி, கோர்ட்டு கேட்டாலும் சரி, பதிலிதான் பதில் சொல்லும். பாதிக்கப்பட்டவங்களப் போட்டு யாரும் திரும்பத் திரும்பக் குடைய வேண்டாம் பாருங்க."

"திரும்பக் கேட்டா?"

"கேக்கவே கூடாது. நாலாம் விதி. கேட்டா தண்டனை உண்டு. அந்த விதிய எழுதுனதுல நம்ம ஜெசிந்தாவுக்கும் பங்கு இருக்கு."

ஜெசிந்தா நான்தான். பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கும் இந்த மையத்தில் பதினாறு வருடமாக உளவள ஆலோசகர். டாக்டர் என்னை மரியாதையோடு பார்த்தார். நானும் அடக்கமாகச் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அந்த நேரத்தில் மதிவதனியின் வலது கை எகிறி நாற்காலியின் கைப்பிடியில் அடித்தது. தொண்டையிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. மணிக்கட்டுப் பட்டை சிவந்து, "நினைவுக் கிளர்ச்சி, உரையாடலை நிறுத்தவும்" என்றது. எனக்குக் கொடுத்த பயிற்சிப்படி நான் நடந்துகொண்டேன். நானே பிறருக்குக் கொடுத்த பயிற்சியும் அதுதான். குனிந்து அவள் கண் மட்டத்துக்கு வந்து, "நாற்காலியத் தள்ளட்டுமா மதி?" என்று அனுமதி கேட்டேன். கேட்டுவிட்டுத் தள்ளினேன். அவள் ஒரு பதில் சொல்ல இருபது விநாடி ஆகும். நான் இரண்டு விநாடிகூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளை அண்ணனோடு அனுப்பிவிடுவது என்று அன்று திங்கட்கிழமையே முடிவாகிவிட்டது.

நாலாம் விதி சும்மா வந்ததல்ல. பன்னிரண்டு வருடத்துக்கு முன் காது கேளாத ஒரு பெண் எங்களிடம் வந்தாள். அவளுக்கு நடந்ததை அவள் காவல் நிலையத்தில் சொன்னாள், மருத்துவமனையில் சொன்னாள், இரண்டு வக்கீலிடம் சொன்னாள், மாற்றலாகி வந்த புது இன்ஸ்பெக்டருக்காக மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நான் எண்ணியவரை பத்தொன்பது முறை. கடைசி முறை சைகை செய்யத் தூக்கிய கையை அப்படியே மடியில் போட்டுவிட்டாள். அதன்பிறகு தண்ணீர் கேட்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. அவளுக்காகத்தான் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து இந்த விதியை எழுதினோம். எழுதும்போது நான் அழுதேன். நல்லது செய்கிறோம் என்று எனக்கு அன்று துளி சந்தேகம் இல்லை.

மதிவதனியின் விஷயம் இதுதான். பிப்ரவரியில் அவள் அண்ணன் இளவழகன் குடும்பத்தோடு திண்டுக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனான். பின்கட்டு அறையில் மதிவதனி நான்கு நாள் பூட்டிக் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் முனகல் கேட்டுப் பூட்டை உடைத்திருக்கிறார். அவளை எங்கள் மையத்துக்குக் கொண்டு வந்த மறுநாள் இளவழகன் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை ஏற்பாடு செய்திருந்தானாம், அவள் பூட்டிவிட்டு ஓடிவிட்டாளாம். அந்த அம்மாவைப் போலீஸ் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது.

இளவழகனைப் பார்த்தால் கெட்டவன் என்று சொல்ல மாட்டீர்கள். அவன் அவள் வாயைத் துடைத்துவிடும் விதத்தில் பழக்கம் தெரிந்தது. கழுத்துக்கு எந்தப் பக்கம் தலையணை வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். முக்கியமாக, அவள் பேச்சு அவனுக்குப் புரியும். கண்ணசைவால் எழுதும் கருவி எங்களிடம் உண்டு, ஆனால் மதிவதனியைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை, எழுத்து தெரியாது. அவள் பேச்சைப் பதிலிக்குப் பழக்க வேண்டுமானால் இரண்டு மாதம் பிடிக்கும். போலீஸ் அவசரப்படுத்தியது. படிவத்தில் 'அருகில் உள்ளவர் விளக்கம் அளித்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறி போட்டவள் நான்.

ஆதாரமில்லாமல் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். மூன்று நாளும் இளவழகன் பக்கத்தில் உட்கார்ந்தபோது பட்டை பச்சையாகவே இருந்தது. துடிப்பு சீர். வேர்வை இல்லை. 'அண்ணன் அருகில் இருக்கும்போது அமைதி' என்று குறிப்பு எழுதினேன். பயந்த உயிர் ஒன்று எதிர்க்கும், இல்லை ஓடும், இரண்டும் முடியாவிட்டால் உறைந்துபோகும், உறைந்தவளின் நாடி அமைதியானவளின் நாடி மாதிரியே இருக்கும். இந்தப் பாடத்தை வருடத்துக்கு இரண்டு முறை நான் கரும்பலகையில் எழுதி நடத்துகிறேன். படுக்கையிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாத பெண் எங்கே ஓடுவாள் என்று எனக்கு அந்த மூன்று நாளும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். சமையல்காரம்மா லூர்துமேரி மதிவதனிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். மதிவதனி ஏதோ முனகினாள். "ஐயே, நேத்தும் இதத்தான சொன்ன. நாளைக்குப் புளியக் கொறைக்கிறேன் விடு" என்றார் லூர்துமேரி. மதிவதனி மறுபடி ஏதோ சொன்னாள். லூர்துமேரி வாய்விட்டுச் சிரித்தார்.

நான் நின்றுவிட்டேன். "உங்களுக்கு அவங்க பேசுறது புரியுதா?"

"ஏன் புரியாம? மூணு மாசமா ஊட்டி விடுறேன். ஒரு வாய் முழுங்க ரெண்டு நிமிசம் ஆவும். அதுவரைக்கும் செவுத்தையா பாத்துட்டிருக்கறது? பேசிட்டிருப்போம். மெதுவாப் பேசும், அவ்வளவுதான். நீங்கதான் மேடம் நிக்கிறதில்ல."

"என்ன பேசுவாங்க?"

லூர்துமேரி கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத ஏன் எங்கிட்டக் கேக்குறீங்க? ஆளு இங்கதான இருக்கு."

சுருக்கென்று இருந்தது. ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நடந்ததைக் கேட்கத்தான் விதி தடுக்கிறது, ரசத்தைப் பற்றிக் கேட்க ஒரு தடையும் இல்லையே. அன்று மதியமும் சாயங்காலமும், புதன்கிழமை மூன்று வேளையும் நான்தான் ஊட்டினேன். உதடு சேர வேண்டிய எழுத்துகள் அவளுக்கு வெறும் மூச்சாகப் போய்விடும். ஒவ்வொரு சொல்லின் வாலையும் இழுப்பாள். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள். எனக்கு முதலில் பிடிபட்ட சொல் 'சூடு'. அதற்கு நாற்பது நிமிடம் ஆனது, பாவம், அதற்குள் சோறு ஆறியே போய்விட்டது. புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பாதிக்குப் பாதி புரிய ஆரம்பித்தது. லூர்துமேரியின் புருஷன் குறட்டையைப் பற்றி அவள் சொன்ன ஒன்றுக்கு நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை காலை, இரண்டாவது இட்லிக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "கேளுக்கா" என்றாள்.

"என்ன கேக்கணும்?"

"என்னயக் கேளு."

எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் வாயிலிருந்து பல வருடப் பழக்கம் தானாக வந்தது. "நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல மதி. ஒருமுறை சொன்னது போதும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த லூர்துமேரி, யாரிடமும் சொல்லாத மாதிரி, "இப்படித்தான் மூணு மாசமா வாய அடைக்கிறாங்க" என்றார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "சொல்லுங்க மதி. என்ன நடந்துச்சு?"

ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அவள் சொன்னதைச் சேர்த்தால் ஒரு பக்கம்கூட வராது. வேலைக்கு யாரும் வரவில்லை. அண்ணிதான் பூட்டினாள். அண்ணன் சாவியை வாங்கும் முன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான், அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எப்போதும் பூட்டுவார்கள். அண்ணியின் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று, சத்தம் போடாமல் இருக்க வாயில் துணியும் வைத்தார்கள். இப்படி ஒருத்தி வீட்டில் இருப்பது தெரிந்தால் சம்பந்தம் அமையாதாம். இந்தத் தடவை கல்யாணம் முடிந்து ஒரு நாளில் திரும்புவதாக இருந்தது. அங்கே இருந்துவிட்டார்கள்.

"இத நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தேன்.

"சொன்னேன்" என்றாள். "மூணு நாளும் சொன்னேன். அண்ணன் வேற மாதிரி சொன்னான். நீ எழுதிக்கிட்ட."

நான் அந்த இடத்திலேயே அழுதேன். ஆலோசகர் அழக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் உடைத்தேன். அவள் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் புதிதல்ல.

கோமளவல்லி மேடம் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கேட்டதே குத்தம்னு உங்களுக்குத் தெரியும்ல ஜெசிந்தா? சரி, அத விடுங்க. நாளைக்கு அண்ணனோட வக்கீல் என்ன சொல்வாரு? ஆலோசகர் தூண்டிவிட்டாங்கம்பாரு. நீங்க சொல்றதுதான் அந்தப் பொண்ணு சொன்னதுன்னு யாரு சாட்சி?"

"அண்ணன் சொன்னதுக்கு யாரு மேடம் சாட்சி?"

"நீங்கதான். உங்க கையெழுத்து இருக்கு. பட்டையோட பதிவு இருக்கு, மூணு நாளும் பச்சை. இன்னிக்குக் காலையில என்ன காட்டுச்சு தெரியுமா? சிவப்பு. உங்ககிட்டப் பேசுனப்ப சிவப்பு, அண்ணன் பக்கத்துல பச்சை. இத வச்சுக்கிட்டு நான் எப்படி உத்தரவ மாத்துறது?"

அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். இளவழகன் சக்கர நாற்காலி ஏறும் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். கையில் புதுப் போர்வை. என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றி மேடம், நீங்க இல்லன்னா" என்று கும்பிட்டான். மதிவதனியிடம், "பட்டையக் கழட்டட்டுமா?" என்று கேட்டு, இந்த முறை நின்றேன். கண் மேலே போனது. கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.

தலைவர் உத்தரவை வாசிக்க ஆரம்பித்தார். மதிவதனி பேச ஆரம்பித்தாள். அறையில் இருந்தவர்களுக்கு அது முனகல்தான். ஓர் உறுப்பினர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஜெசிந்தா, அவங்களக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போங்க."

"அவங்க பேசுறாங்க மேடம்."

"என்ன பேசுறாங்க?"

நான் சொல்ல வாயைத் திறந்தேன். மதிவதனியின் கை வந்து என் முழங்கையில் இடித்தது. தற்செயலாக என்று நினைத்து மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் இடித்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது டாக்டர் கேட்டார். "எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பெட்டி இவங்களோட பதிலிதானே? இவங்க பேசுறது நமக்குத்தான் புரியல. அதுக்குப் புரியுமில்ல?"

"புரியணும்" என்றார் கோமளவல்லி. இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. பதிலி இருக்கும் இடத்தில் ஆள் பேச வேண்டியதில்லை என்பதுதானே ஏற்பாடு.

மதிவதனி மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தாள். அவள் கேட்டது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. "எம் பேரு என்ன?"

"மன்னிக்கணும்" என்றது பெட்டி, அந்த நல்ல குரலில். "நீங்க சொல்றது எனக்குப் புரியல. பக்கத்துல இருக்கறவங்க யாராச்சும் விளக்கிச் சொல்றீங்களா?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். பெட்டி மறுபடி மன்னிப்புக் கேட்டது.

எல்லோரும் இளவழகனைத் திரும்பிப் பார்த்தோம். எல்லோரும் என்றால் நானும்தான். எனக்கே புரிந்த கேள்விக்கு நானும் அவன் வாயைத்தான் பார்த்தேன். அவன் பாதி எழுந்து, முப்பது வருடப் பழக்கத்தில், யோசிக்காமல் சொல்லிவிட்டான். "எம் பேரு என்னன்னு கேக்குறா."

"எம் பேரு மதிவதனி" என்றது பெட்டி உடனே.

டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். இளவழகனுக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரிய கொஞ்ச நேரம் ஆனது. பிறகு போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, அடிக்கலாம் போலவும் இருந்தது.

கோமளவல்லி மேடம் உத்தரவை இரண்டாக மடித்தார். "இன்னிக்கு அனுப்புறது இல்ல. விதிக்கு விலக்குக் கேட்டு எழுதிக்கிறேன். புதுசா ஒரு பதிலி தயார் பண்ணுவோம். இந்தத் தடவ ஜெசிந்தாவே பக்கத்துல இருந்து விளக்கிச் சொல்லட்டும். அவங்களுக்குத்தான் இப்பப் புரியுதே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். செய்த பிழையை என் கையாலேயே திருத்தக் கிடைத்த வாய்ப்பு. சரியென்று தலையாட்டினேன். மதிவதனி ஒரு சொல் சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் தலைவர்.

"வேண்டாங்கறாங்க."

"பதிலி வேண்டாமா?"

அவள் இன்னும் ஒரு சொல் சொன்னாள். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த அறையில் அதை வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் கண்டுபிடிக்க ஒருத்தன்தான் இருந்தான், அவனும் வாயைத் திறக்கும் நிலையில் இல்லை. "நானும் வேண்டாமாம்" என்றேன்.

எனக்கு வலித்தது. மூன்று நாள் ஊட்டிவிட்டேனே, அழுதேனே, வேலையைப் பணயம் வைத்தேனே என்றெல்லாம் மனம் சின்னப்பிள்ளை மாதிரிக் கணக்குப் போட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்வை மேசையின் அந்தப் பக்கம் இருந்த ஐந்து பேர் மேல் இருந்தது.

"அப்ப எப்படிம்மா?" என்றார் கோமளவல்லி. முதல் முறையாக அவளிடமே கேட்டார்.

மதிவதனி பேச ஆரம்பித்தாள். முதல் சொல். யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னாள். ஓர் உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்து, மற்றவர்கள் எழாததால் மறுபடி உட்கார்ந்தார். எனக்கு அந்தச் சொல் முதல் தடவையே புரிந்துவிட்டது. இரண்டு கையையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்றாம் முறை. நான்காம் முறை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது. டாக்டர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பூட்டு?" என்றார் தயங்கித் தயங்கி. "பூட்டுன்னா சொல்றீங்க?"

மதிவதனி கண்ணை மேலே தூக்கினாள். பிறகு அடுத்த சொல்லுக்குப் போனாள்.